வியன்னாவில் ஆறு எங்கே? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் செப்டம்பரில் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசிக்க வியன்னா போகிறேன். ஐ.நா. வளாகத்தை ஒட்டிய மாநாட்டு மையத்தில் நான்கு நாள் அமர்வுகள். எனக்குக் கிடைக்கப்போவது காலை வேளைகள், இரண்டு மாலைகள், மூன்றாம் நாள் பிற்பகல். உடன் வருபவர்கள் பதினைந்து இடங்களைப் பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் சுற்றிக்காட்டும் பேருந்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். பட்டியலைப் பார்த்தாலே எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஆனால் போகாமல் விட்டால் பிறகு வருத்தப்படுவேனோ என்றும் தோன்றுகிறது. இன்னொன்று, நிறுவனத்தின் செலவில் போய்விட்டு ஊர் சுற்றுவது சரிதானா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பதினைந்து இடங்களை இரண்டு மாலைகளில் பார்த்துவிட முடியும். பார்த்ததற்குப் படங்களும் இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தப் படங்களை எடுத்து, இதில் ஹோஃப்பூர்க் அரண்மனை எது, பெல்வெடேர் அரண்மனை எது என்று யாராவது கேட்டால் திணறுவீர்கள், அவ்வளவுதான். பட்டியலை நான் குறை சொல்லவில்லை. விடுமுறையில் போகிறவருக்கு நாள் முழுக்கக் கையில் இருக்கிறது, அவருக்கு அது உதவும். மாநாட்டுக்குப் போகிறவருக்கு நேரம் துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும். மனதில் பாதி நாளைய கட்டுரையில் இருக்கும். அந்த நிலைமையில் ஊரைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, கிடைக்கிற நேரத்தில் எல்லாம் அதன் பின்னால் போவதுதான் நல்லது என்பேன்.

வியன்னாவுக்கு என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. ஆறு எங்கே?

டான்யூப் கரையில் உள்ள நகரம் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். புடாபெஸ்டில் போய் இறங்கினால் ஆறு ஊருக்கு நடுவே ஓடுவது கண்ணில் படாமல் போகாது. வியன்னாவில் ஸ்டெஃபான் பேராலயத்தின் வாசலில் நின்று சுற்றிச்சுற்றிப் பார்த்தாலும் ஆற்றுக்கான அறிகுறியே இருக்காது. ஆனால் நீங்கள் தங்கள் கட்டுரையை வாசிக்கப்போகும் கட்டடம் அந்த ஆற்றின் பழைய வெள்ளச் சமவெளியில்தான் நிற்கிறது.

மாநாட்டு மையங்கள் பெரும்பாலும் ஊரின் நடுவில் இருப்பதில்லை. பெரிய காலி நிலம் எங்கே கிடைத்ததோ அங்கே கட்டியிருப்பார்கள். அந்த நிலம் அதுவரை ஏன் காலியாகக் கிடந்தது என்று கேட்டாலே ஊரின் வரலாறு பாதி வந்துவிடும். உங்கள் மையத்துக்குப் பக்கத்தில் டோனாவ்பார்க் என்று பெரிய பூங்கா ஒன்று உண்டு. 1964இல் ஒரு தோட்டக்கலைக் கண்காட்சிக்காக அமைத்தார்கள். அதற்கு முன் அங்கே இருந்தது குப்பை மேடு. ஐ.நா. வளாகம் 1979இல்தான் திறக்கப்பட்டது. வெள்ளம் வரும் இடத்தில் யார் வீடு கட்டுவார்கள்? அதனால்தான் அவ்வளவு இடம் மிஞ்சியிருந்தது.

உங்கள் மெட்ரோ நிலையம் யு1 தடத்தில் கைசர்மூலன். அங்கிருந்து ஊருக்கு எதிர்த்திசையில் ஒரே நிலையம் தள்ளி ‘ஆல்ட்டே டோனாவ்’, அதாவது பழைய டான்யூப். முதல் நாள் காலை அங்கே போங்கள். (கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு முதல் சில நாள் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். படுத்துக்கொண்டு கைபேசியைத் தடவுவதற்குப் பதில் கிளம்பிவிடலாம்.) பார்த்தால் ஏரி போலிருக்கும். படகுகள், நீச்சல் துறைகள், கரையில் மரங்கள். ஆனால் 150 வருடங்களுக்கு முன் இதுதான் ஆற்றின் முக்கியப் போக்கு. அப்போது டான்யூப் பல கிளைகளாகப் பிரிந்து, வெள்ளத்துக்கு வெள்ளம் தடம் மாற்றிக்கொண்டிருந்தது. 1870 முதல் 1875 வரை நேராக ஒரு புதிய படுகையை வெட்டி ஆற்றை அதில் திருப்பினார்கள். சூயஸ் கால்வாயில் வேலை பார்த்த ஒப்பந்தக்காரர்களையே அழைத்து வந்து வெட்டினார்கள். பழைய வளைவு துண்டாகி அப்படியே நின்றுவிட்டது.

மாலையில் அதே யு1இல் ஊர்ப் பக்கம் ஏறுங்கள். அடுத்த நிலையம் டோனாவின்செல், டான்யூப் தீவு. ரயில் ரைக்ஸ்ப்ரூக்கெ பாலத்தின் கீழ்த்தட்டில் ஓடுகிறது. 1976 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஒரு ஞாயிறு விடிகாலையில், இதே இடத்தில் இருந்த முந்தைய பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது. ஞாயிறு விடியல் என்பதால் ஒருவர்தான் இறந்தார். வேலை நாள் காலையாக இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போதுள்ள பாலம் 1980இல் திறந்தது.

தீவில் இறங்கி நடங்கள். செப்டம்பரில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். சுமார் 21 கிலோமீட்டர் நீளம், ஆனால் அகலத்தைச் சில நிமிடங்களில் குறுக்கே கடந்துவிடலாம். இயற்கைத் தீவு அல்ல. 1954இல் பெருவெள்ளம் வந்தபோது, 1875இல் வெட்டிய படுகை போதாது என்று தெரிந்தது. 1972 முதல் 1988 வரை அதற்கு இணையாக இன்னொரு கால்வாயைத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் கொட்டியதில் நடுவே உருவானதுதான் இந்தத் தீவு. தீவின் ஒரு பக்கம் கப்பல்கள் போகும் டான்யூப். மறுபக்கம் புதிய டான்யூப். சாதாரண நாட்களில் மதகுகள் அடைத்திருப்பதால் அதில் நீரோட்டம் இருக்காது, மக்கள் இறங்கி நீந்துவார்கள். பெருவெள்ளம் வந்தால் மதகைத் திறந்து உபரி நீரை அதற்குள் விடுவார்கள். 2024 செப்டம்பரில் அப்படித்தான் விட்டார்கள். ஊருக்குள் வேறொரு சிற்றாறு, வியன் ஆறு, கரைபுரண்டு மெட்ரோவையே நிறுத்திவைத்தது. டான்யூபோ ஊருக்குள் வரவில்லை. மழைக்காலம் தோறும் வெள்ளச் செய்தி பார்க்கிற எவரும் இந்தத் தீவில் அரை மணி நேரம் நின்று யோசிக்கலாம். வெள்ளத் தடுப்புக்கென்று செய்த ஒன்றை மதில் வைத்து மூடாமல், மக்கள் சைக்கிள் விடவும் குளிக்கவும் கொடுத்திருக்கிறார்களே, எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான். அரண்மனைகள் எல்லாம் அப்புறம்தான்.

நான்காவது டான்யூப் ஒன்று மிச்சம் இருக்கிறது. யு1இலேயே இன்னும் நான்கு நிலையங்கள் போனால் ஷ்வேடன்பிளாட்ஸ். வெளியே வந்தால் டோனாவ்கனால், அதாவது டான்யூப் கால்வாய். பழைய கிளைகளில் ஊரை உரசிக்கொண்டு ஓடியது இது ஒன்றுதான், வின்டோபோனா என்ற ரோமானியப் படைமுகாம் இதன் கரையில்தான் இருந்தது. அங்கிருந்து கொஞ்சம் மேடேறி நடந்தால் மரியா ஆம் கெஷ்டாடே என்ற குறுகலான கோதிக் தேவாலயம் வரும். ‘கரையில் இருக்கும் மரியா’ என்கிறது பெயர், சுற்றிலும் பார்த்தால் வெறும் தெருக்கள். பக்கத்துப் படிகளில் இறங்கிப் பாருங்கள். நீங்கள் இறங்குவது ஒரு காலத்து ஆற்றங்கரை.

மூன்றாம் நாள் பிற்பகல் இருக்கிறதே, அதில் யு4 பிடித்துக் கடைசி நிலையமான ஹைலிகென்ஷ்டாட் போங்கள். நிலையத்துக்கு எதிரிலேயே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1927–30இல் நகராட்சி தொழிலாளர்களுக்காகக் கட்டியது, ஒரு கிலோமீட்டருக்கும் மேலே நீளும் ஒற்றைக் கட்டடம். 1934 பிப்ரவரியில் உள்நாட்டுப் போரின்போது ராணுவம் இதன்மீது பீரங்கியால் சுட்டது. இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், முற்றங்களில் நடக்கத் தடையில்லை, ஜன்னல்களைப் படமெடுக்காதீர்கள். நம் கேள்விக்கு இதில் பதில் இல்லைதான், ஆனாலும் பாருங்கள். பிறகு வடக்கே நடந்தால் நுஸ்டோர்ஃப் மதகு. அந்த டோனாவ்கனால் ஆற்றிலிருந்து பிரியும் வாயில் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் வடிவமைத்து 1898இல் முடித்தது. இருபுறமும் வெண்கலச் சிங்கங்கள், ஊருக்குள் எவ்வளவு தண்ணீர் வரலாம் என்று தீர்மானிக்கிற இடத்துக்குக் காவல்.

நடைமுறை விஷயம் ஒன்று. மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் கிடையாது. அதனால் சீட்டு தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். அப்புறம், வெளியே கிளம்பும்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனச் செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் காசு கொடுத்தது உங்கள் கட்டுரைக்கும், நீங்கள் அங்கே கேட்டு வருவதற்கும். அதைக் குறைவில்லாமல் செய்யுங்கள். குறிப்பாக, நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் அமர்வுகளிலிருந்து எழுந்து போகாதீர்கள், பேசுகிறவருக்கு அது தெரியும். காலை ஆறு மணியும் மாலை ஆறு மணியும் உங்களுடையவை, அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். கூட வருபவர்களுக்கும் ஒரு மாலை கொடுங்கள், முழுக்கத் தனியே திரிந்தால் வருத்தப்படுவார்கள். அவர்கள் பட்டியலில் கலை வரலாற்று அருங்காட்சியகம் கட்டாயம் இருக்கும். வியாழக்கிழமைகளில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அதற்கு மட்டும் சேர்ந்துகொண்டு, நேரே ஓவியர் ப்ரூகலின் அறைக்குப் போய்விடுங்கள். அவருடைய ஓவியங்கள் உலகத்திலேயே அதிகமாக இருப்பது அந்த ஒரே அறையில். மாநாட்டு விருந்தும் வியாழக்கிழமைதான் என்றால் விருந்துக்கே போங்கள். அடுத்த கட்டுரைக்கு அழைப்பு வருவது அங்கேதான்.