மனசாட்சிக்கு ஒவ்வாத பணியைச் செவிலியர் மறுக்கலாமா?

சகோதரி, பாளையங்கோட்டைத் தனியார் மருத்துவமனையில் கருக்கலைப்பு அறைப் பணிக்கு உங்கள் விசுவாசம் இடம் தரவில்லை, மறுத்தால் வேலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் இப்படி மறுக்க உரிமை தருகிறது. அங்கேயும் நேரடியாகப் பங்கேற்பவருக்குத்தான், மேற்பார்வையாளருக்கு அல்ல என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது. நம் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு பிரிவே இல்லை. ஆகவே சட்டம் பேசிப் பயனில்லை. கண்காணிப்பாளரிடம் இப்போதே வேறு வார்டு கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள். அறுவை நாளன்று காலையில் போய்ச் சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

உயிருக்கு ஆபத்து என்றால் கதை வேறு. உயிர் காப்பது மருத்துவரின் கடமை என்று நம் உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் இரவு, வள்ளியூர்ப் பக்கமிருந்து ஒரு பெண்ணை வேனில் கொண்டுவந்தார்கள்; சேலை முழுக்க ரத்தம். என்னோடு இருந்த செவிலியரும் உங்களைப் போலத்தான். ஒரு வார்த்தை பேசாமல் கையுறையை மாட்டிக்கொண்டார்.

இன்னொன்று: வந்த பெண் யார் என்பதைச் சபையில் ஜெபக் குறிப்பாகக்கூடச் சொல்லிவிடாதீர்கள். நம் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி, பெயரை வெளியிடும் மருத்துவருக்கே ஓராண்டு வரை சிறை.