பராமரிப்புப் பணம் யார் கையில்? (கேள்வி பதில்)

குன்னூர் பக்கம் 14 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன் நான். அரசு செலவில் கிடைக்கும் நீண்டகாலப் பராமரிப்பை, பெறுபவரே நடத்தலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கோத்தகிரித் தங்கை: அண்ணா, அரசே ஆள் அனுப்பினால் போதாதா?

போதாதும்மா. முன்பு ஒரு ஏஜென்சி எனக்கு ஆள் அனுப்பியது. பனிமூட்டத்தில் பஸ் தாமதமானால் பத்தரை வரை சிறுநீர்ப் பை நிரம்பியபடியே படுத்திருப்பேன். இப்போது பக்கத்து லைன் வீட்டுத் தம்பி ஆறு மணிக்கு வருகிறான். நான் பேசி வைத்த ஆள், கடை வருமானத்தில் நான் தரும் சம்பளம். அக்குளில் பிடித்து இழுக்காதே, முதலில் முழங்காலை மடக்கு என்று தூக்கும் விதத்தையும் நானே சொல்லிக்கொடுத்தேன். பிரிட்டனில் இப்படி ஆள் வைத்துக்கொள்ளப் பணத்தையே கையில் தர 1996-இல் சட்டம் வந்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2000-இல்தான் கிடைத்தது.

கூடலூர் நண்பர்: ரொக்கமாகக் கொடுத்தால் வீட்டில் யாராவது குடித்துத் தீர்க்க மாட்டார்களா?

சில வீடுகளில் நடக்கும், மறுக்கவில்லை. ஜெர்மனி 1995 முதல் ரொக்கமும் தருகிறது. எவ்வளவு கவனிப்பு தேவை என்று பார்த்து நிலை பிரிக்கிறார்கள். 2025 கணக்கில் இரண்டாம் நிலைக்கு மாதம் 347 யூரோ, ஐந்தாம் நிலைக்கு 990. கவனிக்கும் மகளுக்கே அதைக் கொடுக்கலாம். ஆனால் ஆலோசகர் அவ்வப்போது வீட்டுக்கு வந்து பார்ப்பது கட்டாயம். ஒரு குறை: அதே இரண்டாம் நிலைக்கு ஆள் அனுப்பும் சேவையாக வாங்கினால் 796 யூரோ வரை உண்டு. ரொக்கம் என்றால் பாதிகூட இல்லை!

ஊட்டி வாசகர்: நம் ஊரில்?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படி பற்றிப் பேச்சு இருக்கிறது. தமிழகத்தில் கடும் பாதிப்புள்ளவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். நாளுக்கு 67 ரூபாய். பஸ் ஸ்டாண்டில் டீ, வடை சாப்பிட்டால் பாதி காலி. தேயிலைக் கொழுந்து கொட்டும் மாதங்களில் எனக்கு உதவும் அந்த லைன் வீட்டுத் தம்பியை ஃபேக்டரி கூப்பிடுகிறது, அந்தக் கூலிக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. ஊனம் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல், நாளுக்கு எத்தனை மணி நேரம் ஆள் வேண்டும் என்று கணக்கிட்டுத் தர வேண்டும் என்பது என் கட்சி.

மஞ்சூர் அக்கா: அம்மாவுக்கு 82 வயது, பக்கவாதம். இப்போதைக்கு என்ன வழி?

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி தணிப்புக்கும் பிசியோதெரபிக்கும் வீட்டுக்கே வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கை கால் விழுந்திருந்தால் ஊனச் சான்றிதழுக்கும் மனு போடலாம். அப்புறம் அக்கா, அம்மாவுக்கு எந்த நேரம் சௌகரியம் என்று அவரிடமே கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.