கடல் கிருமிகள்: செட்டிநாட்டுக்காரர்கள் கேட்டவை

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன், இப்போது காரைக்குடிவாசி. தொண்டி மீன் சாப்பிடும் நம்ம ஊர்க்காரர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தேவகோட்டை: அண்ணே, உப்பில் கிருமி வாழாது என்று எங்கள் அப்பத்தா சொல்வார்கள். அப்படியானால் கடல் சுத்தம்தானே?

ஊறுகாய்க்கு அது சரி தம்பி, கடலுக்குச் சரிப்படாது. கடலில் உப்பு 3.5 சதவீதம்தான். ஒரு மில்லி கடல் நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும், வைரஸ் அதைப் போலப் பத்து மடங்கு. கெட்டியான உப்பிலும் வாழ்கிற நுண்ணுயிர்க் கூட்டம் உண்டு, ஆர்க்கியா என்று பெயர், பார்க்க பாக்டீரியா மாதிரிதான், ஆனால் தனி வகை. சில கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாக ஏதோ படிந்திருக்குமே, அது பெரும்பாலும் இதன் வேலைதான். அதை வாங்காதீர்கள்.

பள்ளத்தூர்: பயமுறுத்துகிறீர்களே, கடலில் குளிக்கலாமா?

தாராளமாக. அவற்றில் பெரும்பாலானவை நம்மைக் கண்டுகொள்வதே இல்லை. ஆறாத புண் உள்ளவர்கள், அதிலும் கல்லீரல் கோளாறோ சர்க்கரையோ இருப்பவர்கள் மட்டும் இறங்க வேண்டாம், விப்ரியோ என்ற பாக்டீரியா புண் வழியாகப் போனால் விபரீதம்.

கானாடுகாத்தான்: இவ்வளவு இருந்து என்ன பிரயோஜனம்?

உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நடக்கிறது, அதில் பெரும்பங்கு தண்ணீரில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுடையது. ஆனால் அவற்றை மொத்தமாக நிறுத்துப் பார்த்தால் தரையில் உள்ள மரம் செடி எடையில் ஒரு சதவீதம்கூட வராது. மரம் நூறு வருஷம் நிற்கும், இவை சில நாளில் பிறந்து பெருகித் தின்னப்பட்டு முடிந்துவிடும். நம்ம ஊர் லேவாதேவி மாதிரிதான், பெட்டியில் இருப்பது கொஞ்சம், கைமாறுவது ஏராளம். இதில் புரோகுளோரோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா, குறுக்களவு ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. உலகத்தில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே 1980-களில்தான் தெரியவந்தது, அமெரிக்க ஆய்வாளர் சாலி சிஷோம் குழுவினர் 1988-இல் எழுதினார்கள். அதற்கு முன் கடலாய்வு செய்த அத்தனை பேருடைய தண்ணீர்க் குப்பியிலும் அது இருந்திருக்கிறது!

குன்றக்குடி: வைரஸ் பத்து மடங்கு என்றால் அது எல்லாவற்றையும் கொன்று தீர்த்துவிடாதா?

நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த இடமும் இதுதான். கடலின் மேல்பரப்பில் இருக்கும் பாக்டீரியாவில் ஐந்தில் ஒரு பங்கையாவது வைரஸ் தினமும் கொல்கிறது என்பது பரவலான மதிப்பீடு. ஆனால் செத்தது வீணாவதில்லை. செல் வெடித்ததும் உள்ளே இருந்த சத்தெல்லாம் தண்ணீரில் கரைந்து மற்ற பாக்டீரியாவுக்கு இரையாகிறது, அதாவது இறால் குஞ்சு, மீன் என்று மேலே ஏறிப் போக வேண்டியதில் ஒரு பங்கு கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் இன்னொன்று, எந்த இனம் அதிகமாகப் பெருகுகிறதோ அதன்மேல்தான் வைரஸுக்கு எளிதில் முட்ட முடியும், அதனால் கொழுத்தவனுக்குத்தான் அடி, ஒரே இனம் கடலைப் பிடித்துக்கொள்ள முடியாமல் ஆயிரம் வகை பிழைக்கிறது. டாரா என்ற பாய்க்கப்பல் 2009 முதல் 2013 வரை கடல் கடலாகச் சுற்றித் தண்ணீர் அள்ளியது. அதில் சுமார் 4 கோடி மரபணுக்கள் கிடைத்தன, பெரும்பாலானவை அதுவரை யாரும் பார்க்காதவை.

புதுவயல்: பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதே, விஷமா?

2019 செப்டம்பரில் நடந்ததைக் கேட்கிறீர்கள். அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர், மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். அதன் உடலுக்குள் பச்சைப் பாசி குடியிருப்பதால்தான் அந்த நிறம். கூட்டமாகப் பெருகி, செத்து, அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், அம்மோனியாவும் சேரும், மீன் மூச்சு முட்டிச் சாகும். இரவில் அலையில் நீலமாக மின்னுவதும் இதன் இனம்தான், படம் எடுத்துப் போட அழகாக இருக்கும், வலை போடுகிறவருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

காரைக்குடி: சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பக்கம்தான் வீடு. கடலில் இரும்பு அரிப்பதற்கும் கிருமிக்கும் சம்பந்தம் உண்டா ஐயா?

உண்டு. புதுத் தகட்டைக் கடலில் இறக்கிய சில மணி நேரத்திலேயே பாக்டீரியா ஒட்டி, நாளடைவில் வழவழவென்று படலம் கட்டும். அதன் அடியில் ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் சல்பேட்டை வைத்து மூச்சுவிடும் பாக்டீரியா குடியேறும். சுரண்டினால் கறுப்பாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், கீழே இரும்பு குழிகுழியாக இருக்கும். கடல் அரிப்பைச் சோதிக்க சிக்ரிக்கு மண்டபத்தில் தனி நிலையமே இருக்கிறது.

காரைக்குடி, இன்னொருவர்: தம்பி, நான் ஆச்சி. மீன் கவிச்சியும் கிருமியால்தானா? நன்றாகக் கொதித்தால் எல்லாம் போய்விடுமா?

கவிச்சி கிருமியால்தான் ஆச்சி. மீன் செத்தபிறகு அதன் சதையில் உள்ள ஒரு பொருளை பாக்டீரியா டிரைமெத்தில் அமைனாக மாற்றும், அந்த வாடைதான். புளி அதைப் பிடித்து அடக்கிவிடும், உங்கள் குழம்பு மணப்பதற்கு அதுவும் காரணம். ஆனால் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் வேறு பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். அதற்குப் புளியும் கேட்காது, கொதிக்க வைத்தாலும் போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு அரிக்கும். கூடையில் கைவைத்துப் பாருங்கள், மீன் சில்லென்று இல்லாவிட்டால் அன்றைக்கு முட்டைக் குழம்பு வையுங்கள்.