காஸ்பர் பிராண்ட்ஹோஃபரின் தாடி

அன்புள்ள ஐயா,

லியோ ராய்ஸ் என்ற யூத நடிகரைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். தாடி வளர்த்து, முடியை வெளுத்து, மலைநாட்டு விவசாயியாக வேடம் போட்டு வியன்னாவில் நடித்து, நாஜிகளை முட்டாளாக்கினார் என்று நாலே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்குச் சில சந்தேகங்கள். 1936இல் ஆஸ்திரியா ஹிட்லர் கையில் இல்லையே, பிறகு எதற்கு வேடம்? மாக்ஸ் ரைன்ஹார்ட் போன்ற ஓர் இயக்குநர் எப்படி ஏமாந்தார்? இவ்வளவு பெரிய வெற்றி பெற்றவர் ஏன் ஹாலிவுட்டில் நாஜி வேடங்களில் போய்ச் சிக்கினார்? எங்கள் குழு இதை முக்கால் மணி நேர நாடகமாகப் போட நினைக்கிறது. தாடி விஷயத்தில் யோசனை ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

செ., கும்பகோணம்

அன்புள்ள செ.,

முதலில் அந்தக் காணொளியைத் திருத்திவிடுவோம். ராய்ஸ் ஏமாற்றியது நாஜிகளை அல்ல. அவர் நடித்த யோசெஃப்ஸ்டாட் அரங்கை 1924 முதல் வளர்த்தவர் ரைன்ஹார்ட், பிறப்பால் யூதர். 1936இல் அதை நடத்திக்கொண்டிருந்த எர்ன்ஸ்ட் லோதாரும் பிறப்பால் யூதர். மேடையேறிய கதையை எழுதிய ஆர்தர் ஷ்னிட்ஸ்லரும் யூதர்தான். யூதர்கள் நடத்தும் அரங்கில், யூதர் எழுதிய கதையில் நடிக்க, ஒரு யூத நடிகர் தான் யூதர் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. உங்கள் நாடகம் இந்த முடிச்சில் நின்றால் நிற்கும். இதை விட்டால் மாறுவேடக் கூத்தாகப் போய்விடும்.

ராய்ஸ் 1891 மார்ச் 30 அன்று கலீசியாவின் டோலினாவில் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு போலந்துக்குப் போனது, இன்று உக்ரைனில் இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும். 1920களில் பெர்லின் மேடைகளில் நன்றாகவே நிலைத்துவிட்டார். நட்சத்திரம் இல்லை, கனமான துணைப் பாத்திரங்களுக்கு இயக்குநர்கள் தேடிப் போகிற வகை. அவருடைய துணைவி ஆக்னஸ் ஸ்ட்ராப் பெரிய நடிகை, யூதர் அல்ல.

ஹிட்லர் அரசின் 1933 ஏப்ரல் 7ஆம் தேதிச் சட்டம் யூத அரசு ஊழியர்களைக் குறிவைத்தது. ஜெர்மனியில் பெரிய அரங்குகள் பலவும் அரசு அல்லது நகராட்சிப் பணத்தில் நடந்தவை என்பதால் நடிகர்களும் அந்த வலையில் விழுந்தார்கள். செப்டம்பரில் நாஜி அரசின் கலாச்சார மன்றம் வந்தது. அதன் ஏழு பிரிவுகளில் ஒன்று நாடகத்துக்கானது. அதில் உறுப்பினர் அட்டை இல்லாதவர் மேடையேற முடியாது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நவம்பர் 1ஆம் தேதி விதிகளின் 10ஆம் பிரிவில் 'யூதர்' என்ற சொல்லே கிடையாது. தொழிலுக்குத் தேவையான நம்பகமும் தகுதியும் இல்லாதவரைச் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் இருந்தது. யாருக்கு நம்பகம் இல்லை என்பதை அதிகாரி முடிவு செய்துகொள்வார். பிறகு வம்சாவளிச் சான்று கேட்டார்கள். சாதாரண வகைக்கே தன்னுடையது, பெற்றோருடையது, நான்கு தாத்தா பாட்டிகளுடையது என்று 7 பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்றுகளும் 3 திருமணச் சான்றுகளும் வேண்டும். கலீசியாவில் பிறந்த யூதருக்கு அந்தக் காகிதங்கள் கிடைத்தாலும் ஆபத்து, கிடைக்காவிட்டாலும் ஆபத்து.

மிஞ்சியது யூதக் கலாச்சாரச் சங்கம். யூதர்கள் யூதர்களுக்காக மட்டும் நடத்தலாம். பெர்லினில் 1933 அக்டோபர் 1 அன்று முதல் நாடகம் போட்டார்கள், 1941 செப்டம்பரில் காவல்துறை மூடும்வரை அது ஓடியது. பலருக்கு அது சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் காலம் போகப் போக ஜெர்மன் செவ்வியல் நாடகங்கள் ஒவ்வொன்றாக அவர்களுக்குத் தடை செய்யப்பட்டன. எந்த மொழியில் பயிற்சி பெற்றார்களோ அந்த மொழியின் சிறந்த வரிகளைப் பேசக் கூடாது. ராய்ஸ் ஆஸ்திரியாவுக்குத் திரும்பினார்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஆஸ்திரியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்பது சரி. ஆனால் சந்தை இருந்தது. வியன்னா நடிகர்கள் பலருக்கு மாலையில் மேடை, பகலில் சினிமா. ஆஸ்திரியப் படம் ஜெர்மனியில் ஓடாவிட்டால் போட்ட பணம் திரும்பாது. 1936இல் இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பட்ட திரைப்பட ஏற்பாட்டின்படி, யூதர் பங்கேற்ற படத்துக்கு ஜெர்மனிக் கதவு மூடியது. ஆஸ்திரியத் தயாரிப்பாளர் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. விநியோகக் கணக்கைப் பார்த்தாலே போதும், யூத நடிகரின் பெயரை அடித்துவிடுவார். அதோடு, ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட நடிகர்கள் வியன்னாவில் வந்து குவிந்திருந்தார்கள். ஒரு வேடத்துக்குப் பத்துப் பேர் நிற்கும்போது 'உங்களுக்கு ஏற்ற பாத்திரம் இப்போதைக்கு இல்லை' என்பது எவ்வளவு எளிதான பதில்! சட்டம் போட்டுத் துரத்தியது பெர்லின். வியன்னா கைகுலுக்கி வழியனுப்பியது.

ராய்ஸ் ஸால்ஸ்பர்க் பக்கத்து மலைகளுக்குப் போய் அங்கே வேறொரு ஆளாக மாறினார். தாடியைத் தானாக வளர்த்தார். தலைமுடி, தாடி, உடம்பு ரோமம் எல்லாவற்றையும் ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்தார். கேட்க எளிது, செய்து பார்த்தால் தெரியும். கறுப்பு முடி ஒரே தடவையில் பொன்னிறம் ஆகாது. முதலில் செம்பட்டை, பிறகு ஆரஞ்சு, அதற்கும் பிறகுதான் வைக்கோல் நிறம். தாடிமுடி தடிமன், இன்னும் பிடிவாதம் பிடிக்கும். அதற்கு அதிக நேரம் வைத்தால் தோல் வெந்துவிடும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால் இரண்டு மூன்று வாரத்துக்குள் வேரில் கறுப்பு தலைகாட்டும். அதாவது இது ஒருநாள் வேலை அல்ல. வேடம் நீடிக்கும்வரை நீடிக்கிற வேலை. கைமுட்டி ரோமத்தை மறந்தால் கைகுலுக்கும்போது மாட்டிக்கொள்ளலாம். ஒரு மலை விவசாயியின் ஆவணங்களும் கைக்கு வந்தன. மேடைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் காஸ்பர் பிராண்ட்ஹோஃபர்.

தலைமுடியைவிடப் பேச்சு கடினம். ஜெர்மன் மேடைக்கென்றே ஓர் உச்சரிப்பு விதி உண்டு. 1898இல் தியோடோர் ஸீப்ஸ் அதைத் தொகுத்து வெளியிட்டார். அதன்படி ரகரத்தை நுனிநாக்கால் உருட்ட வேண்டும், சொல்லின் கடைசி எழுத்தைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி முடிக்க வேண்டும். ராய்ஸுக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம். ஆஸ்திரியாவின் மலைமாநிலமான திரோலின் விவசாயியோ ககரத்தைத் தொண்டைக்குள் உரசிப் பேசுவார். வட்டார வழக்கைக் கற்பது பாதி வேலைதான். கற்ற மேடைமொழியை மறந்ததுபோல் நடிப்பது மீதி. புதிதாக மேடையேறுகிறவருக்கு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தெரியக் கூடாது, மூச்சை எங்கே எடுப்பது என்று தெரியக் கூடாது. தெரிந்த கால் தானாகச் சரியான இடத்தில் போய் நின்றுவிடும். பயிற்சி பெற்ற நடிகருக்குக் கெட்ட நடிப்பை நம்பும்படி நடிப்பதைப் போலத் தொல்லை வேறில்லை.

1936 கோடையில் ரைன்ஹார்ட் ஸால்ஸ்பர்க்கில் அவரைப் பேசச் சொல்லிக் கேட்டார், லோதாரிடம் அனுப்பிவைத்தார். எப்படி ஏமாந்தார் என்கிறீர்கள். அன்றைய ரசனையைப் பாருங்கள். மண்ணின் மைந்தன், பள்ளிக்கூடம் தொடாத கலைஞன் என்ற மோகம் அப்போது வலதுசாரிகளுக்கு மட்டும் சொந்தமாக இல்லை. இன்ஸ்ப்ரூக்கில் 1902இல் தொடங்கிய எக்ஸ்ல் குழு திரோல் கிராமிய நாடகங்களோடு ஊர் ஊராகப் போய்ப் பெயர் வாங்கியிருந்தது. ஒரு விவசாயி மலையிலிருந்து இறங்கி வந்து செவ்வியல் வசனம் பேசினால், எல்லாரும் கேட்கக் காத்திருந்த கதை அது. காத்திருக்கிறவரை ஏமாற்றுவது சுலபம். ரைன்ஹார்ட்டின் கண் பழுது என்று நான் நினைக்கவில்லை. எதிரில் நின்றவரிடம் திறமை இருந்தது, அதைச் சரியாகவே கண்டுகொண்டார். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் தவறினார்.

1936 டிசம்பர் 2. ஷ்னிட்ஸ்லரின் 'ஃப்ராய்லைன் எல்ஸே' குறுநாவலை லோதார் நாடகமாக்கியிருந்தார். எல்ஸேயாக ரோஸா ஸ்ட்ராட்னர். ராய்ஸுக்கு டோர்ஸ்டே என்ற பணக்காரக் கலைப்பொருள் வியாபாரியின் வேடம். எல்ஸேயின் அப்பா கடனில் மூழ்கிக் கிடக்கிறார். 30,000 குல்டன் வேண்டும். கொடுக்கிறேன், ஆனால் உன்னை ஆடையின்றிப் பார்க்க வேண்டும் என்கிறார் டோர்ஸ்டே. மூலக்கதையில் எல்ஸே அவருடைய ஒற்றைக்கண் கண்ணாடியையும் கனவான் தோரணையையும் நம்புவதில்லை. தன் யூதப் பிறப்பைப் பளபளப்பால் மூடிக்கொண்ட ஆள் அவர் என்பது வரிகளுக்கு நடுவே தெரியும். ஆக, யூதர் ஒருவர் திரோல் விவசாயியாகி, அந்த விவசாயி யூத அடையாளத்தை மறைக்கும் ஒருவராக நடிக்கிறார். விமர்சகர்கள் பாராட்டினார்கள். சில நாட்களில் உண்மை வெளியே வந்தது, ஊரே பேசியது. பெயர் கிடைத்தது, ஆனால் வியன்னாவில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. வேலை கேட்டு விண்ணப்பித்தவருக்குக் கைதட்டு கிடைத்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

வேலை கொடுத்தது ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம். 1937இல் அமெரிக்கா போனார். அந்த ஒப்பந்தத்தின் மதிப்பைப் புரிந்துகொள்ள அன்றைய குடிவரவு விதிகளைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஜெர்மனிக்கு 25,957 இடம், போலந்துக்கு 6,524, ஆஸ்திரியாவுக்கு 1,413. கணக்கு குடியுரிமையை வைத்து அல்ல, பிறந்த ஊரை வைத்து. டோலினாவில் பிறந்தவர் வியன்னாவிலேயே வளர்ந்திருந்தாலும் போலந்துக் கணக்கில்தான் வருவார். போய்ச் சேர்ந்தபின் அரசுக்குச் சுமையாகிவிடுவார் என்று தூதரக அதிகாரி நினைத்தால் விசா இல்லை. அப்படியானால் முன்கூட்டியே வேலை ஒப்பந்தம் காட்டலாமே என்றால், ஒப்பந்தத் தொழிலாளியாக வருவதும் தடை. இந்தத் தடையிலிருந்து 1917ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்த சில தொழில்களில் நடிகர் தொழிலும் ஒன்று. தையல்காரருக்குக் கழுத்தில் சுருக்காகிற அதே காகிதம் நடிகருக்குக் கயிற்றேணி ஆனது.

அங்கே பெயர் லயனல் ராய்ஸ். ஜெர்மன் எழுத்துக்கூட்டலை ஆங்கிலத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான். குடும்பப் பெயர் ஒலியில் அப்படியே நின்றது. நின்றது அது ஒன்றுதான். நுனிநாக்கு ரகரம், இறுக்கி முடிக்கும் கடைசி எழுத்து என்று பெர்லினில் காசாக இருந்த அத்தனையும் ஆங்கிலத்தில் 'ஜெர்மன் வாடை' ஆகிவிட்டது. முப்பதுகளில் ஸ்டூடியோக்கள் ஜெர்மன் சந்தையை இழக்கப் பயந்து நாஜி எதிர்ப்புப் படங்களைத் தொடவில்லை. 1939இல் வார்னர் நிறுவனம் நாஜி உளவாளிகளைப் பற்றிய படத்தை எடுத்த பிறகு காற்று திரும்பியது. சீருடை போட்ட ஜெர்மானியர்கள் டஜன் கணக்கில் தேவைப்பட்டார்கள். அந்த உச்சரிப்பு யாரிடம் இருந்தது? ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டவர்களிடம்தான். ராய்ஸும் அந்த 1939 படத்தில் இருக்கிறார்.

இதைத் துரோகம் என்றோ கேவலம் என்றோ பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. பலருக்கு வாடகை அந்தச் சீருடையில்தான் வந்தது. அதுவும் கிடைக்காதவர்களுக்காக 1938இல் திரைப்பட முகவர் பால் கோனர் முதலானோர் ஐரோப்பியத் திரைப்பட நிதியைத் தொடங்கினார்கள். வேலையில் இருந்த அகதிகள் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று போட்டார்கள். 1942 வசந்தத்தில் கலிபோர்னியாவில் இன்னும் அபத்தமான ஒரு நிலைமை வந்தது. ஜெர்மன் குடிமக்கள் எதிரிநாட்டார் ஆனதால் இரவு 8 முதல் காலை 6 வரை வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. பகலில் நாஜி அதிகாரியாக நடித்த யூத அகதி, ஜெர்மானியர் என்ற காரணத்தால் எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்.

ராய்ஸ் செய்த ஒரு வேடத்தைத் தேடிப் பாருங்கள். ரிபப்ளிக் நிறுவனம் 1943இல் எடுத்த 15 பாகத் தொடர்படம், ஆப்பிரிக்காவில் நடக்கும் உளவுக் கதை. ஒரு ஜெர்மன் பிரபு, சுல்தான் ஒருவரைச் சிறைவைத்துவிட்டு அவருடைய வேடத்தில் உட்காருகிறார். இரண்டு பேருமே ராய்ஸ்தான். மலிவான படம், எழுதியவர்கள் வியன்னாவை நினைத்திருக்க வாய்ப்பில்லை. நினைக்காமல் எழுதியதால்தான் மனதைத் தைக்கிறது. ஆக்னஸ் ஸ்ட்ராப் ஜெர்மனியிலேயே இருந்து 1941இல் இறந்தார். ராய்ஸ் படைவீரர்களுக்கான கலைநிகழ்ச்சிப் பயணத்தில் மணிலாவில் 1946 ஏப்ரல் 1 அன்று இறந்தார், வயது 55.

உங்கள் தாடிக்கு வருவோம். நடிகர் சொந்தமாக வளர்ப்பதானால் மூன்று மாதம் ஒதுக்குங்கள், 3 சென்டிமீட்டர் தேறும். ஒட்டுவதானால் ஒரே துண்டாக ஒட்டாதீர்கள். தாடை அசையும்போது கன்னத்தில் தூக்கிக்கொள்ளும். சவரம் செய்து உலர்ந்த தோலில் ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையைத் தடவி, அது பிசுபிசுப்பாகும்வரை பொறுத்து, மோவாய்க்கு அடியில் தொடங்கிச் சிறு சிறு கொத்தாக மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு வாருங்கள். மீசையை நடுவில் பிரித்து இரண்டாக ஒட்டுங்கள். வாய்க்கோடியில் பசை வேண்டாம், உதட்டசைவு இறுகிப்போகும். நம்மூர் வியர்வைக்கு முதலில் விட்டுப்போவது மேலுதடுதான். விளக்கு போட்டு முக்கால் மணி நேரம் ஒத்திகை பார்க்காமல் மேடைக்குப் போகாதீர்கள்.

வேடம் கலையும் காட்சியில் தாடியைப் பிய்த்தெறியலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ராய்ஸின் தாடி நிஜம். பொய்யாக இருந்தது பேச்சுவழக்கு. கலைவது பேச்சில் நடக்கட்டும். பிராண்ட்ஹோஃபருக்கு ஏதாவது ஒரு மலையோர வட்டாரத் தமிழ் கொடுங்கள், சிரிப்புக்காக அல்லாமல் மரியாதையோடு. ஒரு வாக்கியத்தின் பாதியில் அது நழுவி, பழகிய மேடைத்தமிழ் வெளியே வரட்டும். முகமும் தாடியும் அப்படியே இருக்கட்டும்.

சுவரொட்டியில் ராய்ஸ் பெயரைப் போட்டால் முடிச்சு முன்பே அவிழ்ந்துவிடும். யோசெஃப்ஸ்டாட் அன்றைக்குக் காஸ்பர் பிராண்ட்ஹோஃபர் என்றுதான் போட்டது. நீங்களும் அதையே போடுங்கள்.