மருத்துவமனைப் பயிற்சியில் பல நிற உடல்களைப் பற்றித் தனியாகக் கற்பிப்பது நம் ஊருக்குத் தேவையா?

நர்சிங் முதலாமாண்டு படிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். "இங்கே எல்லோரும் மாநிறம்தானே, இது வெள்ளைக்காரர்களின் கவலை" என்று எழுதியிருக்கிறீர்கள். 2011 வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எலும்பு முறிவு வார்டில் இடுப்பெலும்பு உடைந்த ஒரு பாட்டி. காலையில் உடம்பு துடைத்து முதுகைப் பார்ப்பது என் வேலை. படுக்கைப் புண்ணின் முதல் நிலையில் தோல் சிவந்திருக்கும், அழுத்தினால் வெளுக்காது என்று மனப்பாடம் செய்திருந்தேன். புத்தகப் படத்தில் தக்காளி போல் சிவந்த ஒரு வெள்ளைக்காரர் முதுகு. பாட்டியோ நல்ல கறுப்பு. சிவப்பைத் தேடினேன், இல்லை. "தோல் நலம்" என்று மூன்று நாள் எழுதிக் கையெழுத்திட்டேன். "எரியுது தாயி" என்று அவர் சொன்னதைப் புலம்பலாக எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் விரிப்பு மாற்ற வந்த ஆயாம்மா வால் எலும்பருகே கை வைத்தார். "பாப்பா, இந்த இடம் மட்டும் சுடுது, கெட்டியாவும் இருக்கு." மறுநாள் தோல் உரிந்துவிட்டது.

கறுத்த தோலில் வெளுப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்று, அமெரிக்காவின் படுக்கைப் புண் ஆலோசனைக் குழு 2007-இல் வெளியிட்ட விளக்கத்திலேயே இருக்கிறது. எங்களுக்கு அந்த வரியை யாரும் வாசித்துக் காட்டவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், அவர்களுக்கும் அதே படம்தான். "தொட்டுப் பார்க்காதது உன் சோம்பல்" என்று வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், அதுவும்தான். ஆனால் கண்ணால் பார் என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்?

பிரசவ அறையிலும் இதே கதை. பிறந்தவுடன் குழந்தையின் நிலையை மதிப்பிட அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952-இல் வகுத்த மதிப்பெண் முறையில், நிறத்துக்கு முழு 2 மதிப்பெண் பெற, குழந்தை உடல் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் குழந்தைகளுக்கு நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார் என்று எனக்குச் சொன்னவர் ஒரு மூத்த சிஸ்டர், பாடநூல் அல்ல.

லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று 2020-இல் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேடே வெளியிட்டார். நம் மாணவிகளுக்கு அதற்கு நேரம் ஏது? ரெக்கார்டு நோட்டு எழுதவே இரவு போதாது. மார்ஜின் கோணலாக இருந்ததென்று என்னை முழு நோட்டையும் திரும்ப எழுத வைத்தார்கள். படத்துக்கு வண்ணம் தீட்ட 'தோல் நிற' பென்சில் வாங்கி வரச் சொன்னார்கள். அது ரோஜா நிறத்தில் இருந்தது. அதைக் கொண்டு வரைந்த படுக்கைப் புண் படத்துக்கு எனக்கு 10-க்கு 9.