பறவை பார்க்கும் பைனாகுலர்களில் டெப்த் ஆஃப் ஃபீல்டை எப்படி ஒப்பிடுவது?

நீங்கள் கேட்டது இது: நண்பரின் 8×32, கடையில் இருந்த 8×42, 10×42 என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள் (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மி.மீ.-ல்). ஒன்றில் கிளையும் பறவையும் சேர்ந்தே தெளிவாகத் தெரிகிறது, இன்னொன்றில் சக்கரத்தை ஓயாமல் திருக வேண்டியிருக்கிறது. எந்த பிராண்டில் டெப்த், அதாவது சக்கரத்தைத் தொடாமலே முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம், அதிகம்?

பிராண்டை விடுங்கள். நான் முதலில் வாங்கியது ஒரு 10×42. பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். அந்த அக்டோபரில் சென்னையில் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்துக்கு ஆறுமணிக்குருவி வந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு மீட்டரில், புதருக்குள், சருகைக் கிளறியபடி தத்தித் தத்திப் போகிறது. எனக்கு முதலில் ஒரு முள்குச்சி தெளிந்தது. கொஞ்சம் திருகினால் அதற்குப் பின்னால் ஒரு காய்ந்த இலை. இன்னும் திருகினால் மொத்தமும் பச்சைக் கூழ். பக்கத்தில் 8× வைத்திருந்தவர், "வாலடியில அந்தச் சிவப்பப் பாருங்க சார்" என்கிறார். நான் இன்னும் குச்சியில்தான் இருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், பைனாகுலரில் டெப்த் ஆஃப் ஃபீல்டைத் தீர்மானிப்பது உருப்பெருக்கமும் உங்கள் கண்ணும்தான். உருப்பெருக்கத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆழம் குறையும். 8×-க்கு 64, 10×-க்கு 100. அதாவது 8×-ல் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 7×-ஐ 10×-உடன் ஒப்பிட்டால் இரண்டு மடங்கு.

இதில் கண் எப்படி வருகிறது? வெகு தூரத்துக்கு ஃபோகஸ் செய்துவிட்டுச் சக்கரத்தைத் தொடாமல் பாருங்கள். தூரத்து மலையையும் 25 செ.மீ.-ல் பிடித்த புத்தகத்தையும் கண்ணாடியில்லாமல் பார்க்கும் கண் என்றால், 8×-ல் சுமார் 16 மீட்டர் வரை கிட்டே வரும் பறவையும் தெளிவாகவே தெரியும். 10×-ல் அது 25 மீட்டரோடு நின்றுவிடும். ஒரு மீட்டருக்குள் எதுவும் மங்கும் வயதான கண்ணுக்கு இதே கணக்கு 64 மீட்டர், 100 மீட்டர். என் மகள் என்னுடைய பைனாகுலரையே வாங்கிப் பார்த்துவிட்டு "எல்லாம் ஷார்ப்பாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பாள். நாற்பத்தேழு வயதில் இதைக் கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஆகவே வேறொருவர் எழுதிய விமர்சனத்தில் "டெப்த் அபாரம்" என்று இருந்தால், அவருக்கு என்ன வயது என்று யோசியுங்கள்.

32-ஆ 42-ஆ என்பது பகலில் பொருட்டே இல்லை. வெயிலில் கண்பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். 8×32 தரும் 4 மி.மீ. ஒளிக்கற்றையே அதற்கு மிச்சம். அந்தி மங்கலில் மட்டும் சிறிய வித்தியாசம் வரலாம்.

அப்படியானால் 8× இரண்டுக்குள்ளேயே உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தால்? முதல் சந்தேகம் டயாப்டர் வளையம், அதாவது இரண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வளையம். கடையில் பத்துப் பேர் திருகிப் போட்டது அது. வலது பக்கத்தை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். அப்புறம் இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருகி வலது கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். இது தப்பாக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பைனாகுலரிலும் ஃபோகஸ் நிற்காது.

அடுத்தது சக்கரத்தின் வேகம். சிலவற்றில் கிட்டத்திலிருந்து தூரத்துக்கு ஒரே சுற்று, சிலவற்றில் இரண்டு சுற்று. 2 மீட்டரில் தொடங்கும் ஒன்றை எடுத்துக்கொண்டால், 20 மீட்டருக்கு அப்பால் உள்ள உலகம் முழுவதற்கும் சக்கரத்தின் ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குதான். வேகமான சக்கரத்தில் அது விரல் அசைவளவு, தொட்டால் தாண்டிவிடும். அதைத்தான் "டெப்த் குறைவு" என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தேன்சிட்டு மூன்று மீட்டரில் பூவுக்குப் பூ தாவும்போது அதே வேகம்தான் கைகொடுக்கும். வேகத்தைவிடச் சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

மூன்றாவது, பார்வைப்புலத்தின் வளைவு. சில பைனாகுலர்களில் நடுவைத் தெளிவாக்கினால் ஓரம் அதைவிடக் கிட்டே உள்ளதற்கு ஃபோகஸ் ஆகியிருக்கும். தரையில் இருக்கும் பறவையைப் பார்க்கும்போது படத்தின் கீழ் ஓரத்தில் விழும் அருகிலுள்ள புல்லும் தெளிவாகத் தெரியும், ஆழம் கூடியதுபோல இருக்கும். ஓரம் வரை தட்டையாகத் தெரிய லென்ஸ் சேர்த்த விலை உயர்ந்தவற்றில் இது இருக்காது. போரோ வகையில் (குழாய் நேராக இல்லாமல் படிபோல் விலகியிருக்கும் பழைய வடிவம்) தெரியும் முப்பரிமாண உணர்வும் வேறு சங்கதி. முன்லென்ஸ்கள் அகலமாக விலகியிருப்பதால் வருவது.

கடைக்குப் போனால் எதிர்வரிசைப் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், அதில் எல்லாமே நன்றாகத் தெரியும். வெளியே வந்து நீளமான காம்பவுண்டுச் சுவரைச் சாய்வாகப் பாருங்கள். 15 மீட்டரில் ஒரு செங்கல்லைத் தெளிவாக்கி, அதற்கு முன்னும் பின்னும் எத்தனை கல் தெளிவாக இருக்கிறது என்று எண்ணுங்கள். எல்லாவற்றிலும் அதே கல், அதே வெளிச்சம். 8× இரண்டிலும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். "ஃபோகஸே தேவையில்லை" என்று விற்கும் வகையைக் கையில்கூட எடுக்க வேண்டாம், முழு வேலையும் உங்கள் கண் தலையில்தான் விழும்.

புதர், தோட்டம், காடு என்றால் 8×. என் 10×42-ஐ நான் விற்கவில்லை, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு மட்டும் எடுத்துப் போகிறேன். அங்கே உப்புக்கொத்திகள் எங்கோ சேற்றுத்திட்டில் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு குச்சி இருக்காது.