‘டென்ஷன் ஆகாதே, தானா நிக்கும்’

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரம் பக்கம் ஊர், 29 வயது. கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்தும் ஒன்றும் நிற்கவில்லை. போன மாதம் மைனிக்கு வளைகாப்பு. என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, ‘அடுத்தது ஒனக்குத்தாம்ளா’ என்று எல்லாரும் பார்க்கக் கை நிறைய வளையல் போட்டுவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஒவ்வொன்றாகக் கழற்றி, சத்தம் கேட்காமல் கர்ச்சீப்பில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டேன். எனக்கு எடுத்த டெஸ்டில் குறை ஒன்றும் இல்லையாம். அத்தை, சித்தி, கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் ‘டென்ஷன் ஆகாதே, தானா நிக்கும்’ என்கிறார்கள். நான் கவலைப்படுவதால்தான் நிற்கவில்லையா? கவலைப்படாமல் எப்படி இருப்பது?

ஆர்.

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கவலையால் இல்லை. 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. அதற்கு முன் நடந்த 14 ஆய்வுகளைச் சேர்த்து, குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போன 3583 பெண்களின் கணக்கைப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன்னால் பதற்றத்தோடு இருந்தவர்களுக்கும் நிதானமாக இருந்தவர்களுக்கும் கரு நின்றதில் வித்தியாசம் தெரியவில்லை. அது சிகிச்சைக்குப் போனவர்கள் கணக்குதான். சாப்பாடும் தூக்கமும் கெட்டு எடை சரசரவென்று இறங்கினால் மாதவிடாயே தள்ளிப்போவதும் உண்டுதான். ஆனால் வளைகாப்பு வீட்டில் தொண்டையில் அடைத்த அழுகைக்கும் கருமுட்டைக்கும் ஒரு வழக்கும் இல்லை. டென்ஷன் ஆகாதே என்று சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், அப்புறம் நீங்கள் ராத்திரி முழித்துக்கிடந்து ‘ஐயோ கவலைப்படுகிறோமே’ என்று புதுசாக ஒரு கவலையைத் தொடங்குகிறீர்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் ஓர் ஆளைக் காணவில்லை. உங்கள் வீட்டுக்காரர். அவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?

கேட்கக் காரணம் இருக்கிறது, நானே அந்த ஆள்தான். பாளையங்கோட்டையில் குடியிருந்த காலத்தில் என் மனைவி மாதாமாதம் வெறும் வயிற்றில் மலைவேம்புச் சாறு குடிப்பாள், சஷ்டி விரதம் இருந்து திருச்செந்தூர் போவாள் (‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்று சொல்லாத ஆச்சி நம் பக்கம் உண்டா), நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்ட் சீட்டு மட்டும் ஒன்றரை வருஷம் பர்ஸுக்குள் மடித்தபடியே கிடந்தது. ஒருவழியாகப் போனேன். மூடியில் என் பெயர் எழுதிய சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து லேப்புக்குப் பின்னால் இருந்த பாத்ரூமைக் காட்டினார்கள். வாளியில் குழாய் சொட்டுகிறது, வெளியே யாரோ இரண்டு தடவை கதவைத் தட்டுகிறார்கள். மானம் போகிற மாதிரிதான் இருந்தது, அரை மணி நேரம். அதற்குள் அவள் எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி பார்த்திருந்தாள்! குறை என்னிடம்தான் இருந்தது.

பிள்ளை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும். ஒரு வருஷம் தாண்டினாலே இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும். விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும், அதில் ஊசிகூடக் கிடையாது. எண்ணிக்கை குறைவாக வந்தாலும் ஒரு தடவையோடு முடிவு கட்டிவிட மாட்டார்கள். விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆவதால் எப்போதோ அடித்த காய்ச்சல்கூட அதில் தெரியும்.

உங்கள் போனில் நாள் குறிக்கிற ஆப் இருந்தால் அழித்துவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்தான், ஆனால் விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும், ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும், ‘இன்னைக்கு நாள், சீக்கிரம் வாங்க’ என்று புருஷனை டியூட்டிக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட வேண்டியதில்லை. அதேபோல டாக்டர் புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தால் மார்பு வலிக்கும், அசதியாக இருக்கும், நாளும் தள்ளிப்போகும். நின்றுவிட்டது என்று மனசு கோட்டை கட்டும். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னால் கிட் வாங்காதீர்கள்.

‘நாள் தள்ளிப் போயிருக்கா’ என்று அத்தை கேட்பதை நிறுத்தும் வேலை உங்களுடையது இல்லை. உங்கள் வீட்டுக்காரரே அவர் அம்மாவிடம் பேசட்டும்: ‘எனக்கும் டெஸ்ட் எடுக்கோம்மா, இருந்தா நாங்களே சொல்லுதோம், அவட்ட கேக்காத.’

இத்தனைக்குப் பிறகும் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசினால் போதுமென்றால் 14416, இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

எங்களுக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் ‘அண்ணாச்சிக்கு இத்தனையாவது வருஷம்’ என்று அதையும் வைத்துக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவீர்கள்.

அடுத்த வளைகாப்புக்கு மனசில்லையென்றால் போகாதீர்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள், மொய்யை மட்டும் ஜிபேயில் அனுப்பிவிடுங்கள். மொய் வந்துவிட்டால் யாரும் அவ்வளவாகக் கோபப்பட மாட்டார்கள்.